முன்கம்பிக்காரரின் ஒத்துழையாமை

உலையில் இரும்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், மந்திரமூர்த்தி ஒத்துழைக்கத் தெரியாத ஆள் என்பது எழுத்துமூலமாக நிரூபிக்கப்பட்டது.

நிரூபித்தவர் மனிதவள மேம்பாட்டு அதிகாரி வெங்கட்ரமணன். நிரூபித்த இடம், திருநெல்வேலிப் பேட்டையில் காசிலிங்கம் முதலாளியின் இரும்பு வார்ப்பு பவுண்டரி. வருஷம் தொண்ணூற்றேழு. தாளைக் கையில் வாங்க மந்திரமூர்த்திக்குக் கை இல்லை. இரண்டு கையும் சட்டிக் கம்பியில் இருந்தன. சட்டியில் உருகின இரும்பு இருந்தது. அதிகாரி பெரிய மனசு பண்ணித் தாளை அவர் சட்டைப் பையில் தானே செருகிவிட்டார்.

"பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க."

"சார், சட்டி கொதிக்குது."

"சின்னக் கையெழுத்துதான்."

பின்கம்பியைப் பிடித்திருந்த மாடக்கண்ணு, "சார், நீங்க செத்த இந்தக் கம்பியப் பிடிங்க. அவரு கையெழுத்துப் போடட்டும்" என்றார்.

அதிகாரி நாலு எட்டு பின்னால் போய்விட்டார். இருவரும் நடந்துபோய் இரும்பை அச்சுகளில் ஊற்றினார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பதினோரு பம்பு வெளிக்கூடும் பழுதில்லாமல் வந்தன. குற்றம் அதுதான்.

தாளில் இப்படி இருந்தது: "கீழ்க்கண்ட ஊழியர், அட்டவணைப்படி தமக்கு ஒதுக்கப்பட்ட கூட்டாளியுடன் ஒத்துழைக்காமல், ஒதுக்கப்படாத கூட்டாளியுடன் ஒத்துழைத்திருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. மதிப்பீட்டு நாளன்றும் இது தொடருமானால், தாங்கள் நவீன உற்பத்தி முறைக்குப் பொருந்தாதவர் எனக் கருதப்பட்டு, வருத்தத்துடன் அனுப்பி வைக்கப்படுவீர்கள்."

மதிப்பீட்டு நாள் நாளை மறுநாள்.

இந்தச் சட்டி விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். உலை வாயில் வழிகிற இரும்பைப் பிடித்து அச்சுவரைக்கும் கொண்டுபோக ஒரு சட்டி. அதற்கு முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி. முன்னால் போகிறவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. நடுவில் நாற்பது கிலோ நெருப்பு. மந்திரமூர்த்தியும் மாடக்கண்ணுவும் இப்படிப் பதினாலு வருஷம் நடந்திருக்கிறார்கள். பேச்சும் கிடையாது. "பைய" என்று ஒரு சொல்தான். இழுத்துச் சொன்னால் திரும்பணும். வெடுக்கென்று சொன்னால் நிற்கணும். மூக்காலே சொன்னால் தரையில் கல் கிடக்கிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருவருக்கும் பத்து விரலும் பத்திரமாக இருந்தது. அதனால் இது ஒரு பெரிய விஷயம் என்று யாருக்கும் தோணவும் இல்லை.

தோண வைத்தது கோயம்புத்தூர்.

வடக்கே இருக்கிற ஒரு பெரிய மோட்டார் கம்பெனிதான் பவுண்டரியின் கூடுகளில் முக்கால்வாசியை வாங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் 'ஒத்துழைப்பு மற்றும் மாற்றத்துக்கு இசையும் திறன்' சான்றிதழ் உள்ள இடத்தில்தான் வாங்குவோம் என்று அவர்கள் கடிதம் போட்டார்கள். கடிதத்தை மூணு தடவை படித்தும் விளங்காததால், காசிலிங்கம் முதலாளி கோயம்புத்தூரில் நடந்த இரண்டு நாள் மாநாட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு தோல் பையும், ஒரு தொப்பியும், வெங்கட்ரமணனும் கூட வந்தார்கள்.

"ஜப்பான்ல மொதலாளி வாசலக் கூட்டுதாராம். கூட்டுதவன் மிஷினு வரைபடம் போடுதானாம்" என்றார் முதலாளி.

முதலாளி ஜப்பானுக்குப் போனதில்லை. வெங்கட்ரமணனும் போனதில்லை. அதனால் ஜப்பானைப் பற்றி இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை.

வெங்கட்ரமணன் சேரன்மகாதேவியில் பிறந்து மெட்ராஸில் படித்தவர். முதல் வாரமே வாசலில் ஒரு பலகை வைத்தார். 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'எட்டு மணிக்கு மேல் வரும் குடும்ப உறுப்பினர்களுக்குச் சம்பளமில்லாத அரை நாள் விடுப்பு.' மாற்றத்தின் அடையாளமாக ஃபோர்மேன் தேவசிகாமணிக்கு ஒரு டை கட்டிவிட்டார். உலைப் பக்கம் குனிந்ததில் முதல் நாளே டையின் கீழ்ப்பாதி கருகிப்போனது. மீதிப் பாதியோடு தேவசிகாமணி ஒரு வாரம் நடமாடினார். மாற்றத்துக்குப் பாதி தயார் என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

இரண்டாவது வாரம் பரீட்சை. கிடங்கில் சாக்கை விரித்து நாற்பத்துமூணு பேரையும் உட்கார வைத்தார்கள். முதல் கேள்வி: 'உங்கள் சக ஊழியர் உதவி கேட்டால் என்ன செய்வீர்கள்?'

மந்திரமூர்த்தி எழுதினது இரண்டே வார்த்தை. 'கேக்க மாட்டான்.'

சுழியம் போட்டார்கள். வெங்கட்ரமணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பரிவோடு விசாரித்தார்.

"ஏன் மந்திரமூர்த்தி? உங்களுக்கும் மாடக்கண்ணுவுக்கும் ஏதாவது மனக்கசப்பா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் அவர் உங்ககிட்ட உதவி கேக்க மாட்டார்?"

"கேக்கதுக்கு முன்ன செஞ்சிருப்பேன் சார்."

"அப்போ தேவையை முறைப்படி தெரிவிக்கிற வழக்கமே இங்க இல்லை." அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

மாடக்கண்ணு எண்பத்தெட்டு மார்க். மண் சலிக்கிற இசக்கித்தாயைப் பார்த்து எழுதினார். இசக்கித்தாய் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து எழுதினாள். சரியான பதில் 'படிவம் ஏழை நிரப்புவேன்' என்பதுதான்.

படிவம் ஏழு என்பது உதவி கோரும் படிவம். வெள்ளைத்தாள் கேட்பவருக்கு, ரோஸ்தாள் செய்பவருக்கு, மஞ்சள்தாள் ஆபீசுக்கு. அதுவரைக்கும் இசக்கித்தாய் மண் கூடையைத் தூக்கித் தலையில் வைக்க, அந்த வழியாகப் போகிற எவனாவது ஒரு கை கொடுத்துவிட்டுப் போவான். இப்போது அது தவறு. எழுதாத உதவி, உதவி ஆகாது.

"ஏ மாடக்கண்ணண்ணே, கூடையத் தூக்கி விடுங்களேன்."

"பேரு, டோக்கன் நம்பரு, உதவியோட தன்மை?"

"ஏ அண்ணே... என் தலையெழுத்துன்னு போடுங்க."

ஆனால் ஒவ்வொரு உதவிக்கும் சுவரில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டினார்கள். பொட்டு கூடினவர்களுக்கு மாசக் கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அவ்வளவுதான். எல்லாருக்கும் திடீரென்று உதவி தேவைப்பட ஆரம்பித்தது. கூடை காலியாக இருக்கும்போதே பத்தொன்பது தடவை தூக்கி விட்டார்கள். தண்ணி குடிக்க ஒருத்தருக்கு இரண்டு பேர் தேவைப்பட்டது. ஒருத்தன் செருப்பைக் கழற்ற ஒத்துழைப்பு கேட்டு மூணு தாள் எழுதினான். மாச முடிவில் ஒத்துழைப்பு மூணரை மடங்கு கூடியிருந்தது. கூடுகளின் எண்ணிக்கை பாதியாகியிருந்தது. வெங்கட்ரமணன் மேல்நோக்கிப் போகிற கோட்டை மட்டும் சுவரில் மாட்டினார்.

மந்திரமூர்த்திக்குப் பொட்டே இல்லை. மாடக்கண்ணுவோடு சேர்ந்து ஒரு நாளைக்கு முப்பது தடவை சட்டி தூக்கியும் ஒரு பொட்டு இல்லை. இதைப் பற்றி ஃபோர்மேனே கேட்டுவிட்டார். அதற்கு வெங்கட்ரமணன் சொன்ன பதில் பிறகு சுவரில் பெயிண்டால் எழுதப்பட்டது.

'ஒரே ஆளோடு ஒத்துழைப்பது ஒத்துழைப்பு அல்ல. அது பழக்கம்.'

பழக்கத்தை ஒழிக்கத்தான் அட்டவணை வந்தது. யார் எந்த வேலையையும், யாரோடும் செய்யத் தெரிய வேண்டும். தட்டச்சர் சாய்கிருஷ்ணன் சட்டியின் பின்கம்பிக்கு. மாடக்கண்ணு தட்டச்சு மேசைக்கும் டெலிபோனுக்கும். "பைய" என்பது தரப்படுத்தப்படாத சொல் என்பதால் நீக்கப்பட்டு, பதினேழு கட்டளைகள் அச்சடித்துக் கொடுக்கப்பட்டன. பதினொன்றாவது கட்டளை: 'மதிப்புக்குரிய சக ஊழியரே, தங்கள் பாதையில் தடை உள்ளது.' அதைச் சொல்லி முடிப்பதற்குள் தடையைத் தாண்டி இரண்டு எட்டு போயிருக்கலாம். அல்லது விழுந்திருக்கலாம்.

மாடக்கண்ணு முதல் நாளே டெலிபோனை எடுத்து, "யாருலே அது?" என்று கேட்டார். அந்தப் பக்கம் வடக்கத்திக் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர்.

சாய்கிருஷ்ணன் பாவம். இருபத்தாறு வயசு. விரல் பியானோ வாசிக்கிற மாதிரி தட்டச்சுப் பொறியில் ஓடும். கை, வாழைத்தண்டு. மந்திரமூர்த்தி சட்டியில் பச்சைத் தண்ணியை ஊற்றி அவனை நடக்க வைத்துப் பார்த்தார். உலையிலிருந்து அச்சுவரைக்கும் இருபது எட்டு. போய்ச் சேர்ந்தபோது பாதித் தண்ணி இல்லை. அந்தப் பாதி மந்திரமூர்த்தியின் குதிகாலிலும் சாய்கிருஷ்ணனின் பேண்டிலும் இருந்தது.

"அண்ணாச்சி, இது இரும்பா இருந்தா?"

"இரும்பா இருந்தா உனக்கு ஒரு காலு, எனக்கு ஒரு காலு."

"தை மாசம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு அண்ணாச்சி."

"பின்ன அந்தாள்ட்ட சொல்லேன்லே."

"சொன்னேன். மாற்றத்தைக் கண்டு பயப்படாதீங்கன்னார். பயத்துக்கு நாலு மார்க் குறைச்சிட்டார்."

மறுநாள் நிஜ இரும்பு. உலையைத் திறக்கிற நேரம் தாண்டினால் இரும்பு உள்ளேயே உறைந்துபோகும், அப்புறம் உலையை உடைத்துத்தான் எடுக்கணும். சாய்கிருஷ்ணன் கம்பியைப் பிடித்தான். கம்பி நடுங்கினது. மந்திரமூர்த்தி அதைக் கீழே வைத்துவிட்டு, டெலிபோன் மேசைப் பக்கம் பார்த்து, "வாரும் வே" என்றார். மாடக்கண்ணு வந்தார். அன்றைக்கு நாலாவது சட்டியைத் தூக்கும்போதுதான் வெங்கட்ரமணன் தாளோடு வந்தது.

இப்போது நிலைமை என்னவென்றால், நாளை மறுநாள் சாய்கிருஷ்ணனோடு தூக்கினால் கால் போகும். கால் போனவனுக்குப் பவுண்டரியில் வேலை இல்லை. மாடக்கண்ணுவோடு தூக்கினால் கால் இருக்கும். வேலை போகும். இதில் எது தேவலை என்று சீவலப்பேரி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவரைக்கும் மந்திரமூர்த்தி யோசித்தார். பக்கத்து சீட்டில் மாடக்கண்ணு. அவருக்கும் அதே ஊர்தான்.

"என்ன வே செய்யப் போறீரு?" என்று மாடக்கண்ணு கேட்டார்.

"தெரியல வே."

"நீரு கூப்பிட்டா நான் வருவேன். பாத்துக்கிடும்."

வீட்டில் மகள் முத்துராணி பிளஸ் டூ. அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல ஒத்துழைச்சதுக்குத்தானப்பா திட்டியிருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கும் விளங்கவில்லை. தமிழில் அவள் தொண்ணூறு மார்க் வாங்குகிறவள்.

மதிப்பீட்டு நாள் வந்தது. மதிப்பீட்டாளர் மெட்ராஸிலிருந்து வெள்ளைத் தொப்பியோடு வந்தார். நல்ல மனுஷன். எதைப் பார்த்தாலும் தலையாட்டினார். முதலாளி கோயம்புத்தூர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலைக் கூட்டினார். ஏற்கெனவே கூட்டி வைத்த வாசல்தான். வெங்கட்ரமணன் மந்திரமூர்த்தியின் காதில் சொன்னார்: "தூக்குறப்போ சிரிச்ச முகமா இருங்க. அதுக்குத் தனி மார்க்."

உலை வாயைத் திறக்கப் போகிற நேரம். மந்திரமூர்த்தி முன்கம்பியைப் பிடித்தார். பின்கம்பியில் சாய்கிருஷ்ணன். கம்பி வழியாகவே அவன் நெஞ்சு அடிக்கிறது கேட்டது. மந்திரமூர்த்தி கம்பியைக் கீழே வைத்தார்.

"வாரும் வே."

மாடக்கண்ணு டெலிபோனைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தார். தலையில் துண்டைச் சுற்றினார். உலை திறந்தது. சட்டி நிறைந்தது. இருபது எட்டு. ஒரு "பைய." சிந்தாமல் போய் ஊற்றியாச்சு.

மதிப்பீட்டாளர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அற்புதம். யார் இவங்க ரெண்டு பேரும்?"

முதலாளி வெங்கட்ரமணனைப் பார்த்தார். வெங்கட்ரமணன் தன் கையில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். எதிரே இரண்டு உண்மைகள் இருந்தன. ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொன்று முத்திரை குத்தி இருந்தது. அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"முன்னால் மந்திரமூர்த்தி. பின்னால் சாய்கிருஷ்ணன். எங்க தட்டச்சர்."

"தட்டச்சரா! எத்தனை நாள் பயிற்சி?"

"மூணு நாள் சார்."

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாடக்கண்ணுவின் காய்ச்சுப்போன கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணே நாள்ல கை எப்படி மாறியிருக்கு பாருங்க" என்றார். பிறகு ஓரமாக நின்றவனைக் காட்டி, "இந்தத் தம்பி?" என்றார்.

"இவர் மாடக்கண்ணு சார். பதினாலு வருஷமா இரும்பு தூக்கினவர். இப்போ தட்டச்சு பழகறார்."

"ஒரு கடிதம் அடிங்க பார்ப்போம், மாடக்கண்ணு."

சாய்கிருஷ்ணனுக்கு இரண்டு காலும் மிச்சம். அந்தச் சந்தோஷத்தில் உட்கார்ந்தான். நிமிஷத்துக்கு அறுபத்தைந்து வார்த்தை. ஒரு பிழை இல்லை. பதினாலு வருஷம் இரும்பு தூக்கின கை இப்படி ஓடுவதைப் பார்த்து மதிப்பீட்டாளர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இசையும் திறனுக்கு நூற்றுக்கு நூறு போட்டார். ஜப்பானில்கூட இப்படி இருக்காது என்றார். அவரும் ஜப்பானுக்குப் போனதில்லை.

சான்றிதழ் வந்தது. ஆர்டர் இரண்டு மடங்கானது. மந்திரமூர்த்தியின் வேலை போகவில்லை. பதிவேட்டின்படி அவர் சாய்கிருஷ்ணனோடுதான் தூக்கியிருக்கிறார். எல்லாரும் நன்றாக இருந்தார்கள். கதை இங்கேயே முடிந்திருந்தால் மந்திரமூர்த்தியும் நன்றாக இருந்திருப்பார்.

சான்றிதழோடு வந்த அறிக்கையில் பெயர் இருந்தது. அறிக்கையை மாற்ற முடியாது. மனுஷனை மாற்றலாம். மாடக்கண்ணு நிரந்தரமாக சாய்கிருஷ்ணன் ஆக்கப்பட்டார். சாய்கிருஷ்ணன் மாடக்கண்ணு ஆனான். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அவனுக்கு நிர்வாகம் அனுமதிக் கடிதம் கொடுத்தது.

அதோடு விடவில்லை. மூணு நாளில் இரும்பு தூக்கக் கற்ற தட்டச்சரைச் சும்மா விடுவார்களா? மாடக்கண்ணுவை 'ஒத்துழைப்புப் பயிற்றுநர்' ஆக்கினார்கள். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, வெள்ளைச் சட்டை, வீட்டுக்குப் போக கம்பெனி வேன். பதினேழு கட்டளையையும் அவர்தான் இப்போது மற்றவர்களுக்கு மனப்பாடம் பண்ண வைக்க வேண்டும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மந்திரமூர்த்தி நாற்காலிப் பக்கம் போனார்.

"எப்ப வே கம்பிக்கு வாரீரு?"

"வாரேன் வே. முட்டி ஒரு மாதிரியா இருக்கு."

"பதினாலு வருஷமா அதே முட்டிதான வே."

"பதினாலு வருஷமா நாற்காலி இல்லயே வே" என்றார் மாடக்கண்ணு. மின்விசிறிக் காற்றில் அவர் சட்டை உப்பிக்கொண்டு இருந்தது. பொய் சொல்லவில்லை மனுஷன். "உம்மகிட்ட சொல்லுததுக்கு என்ன, ராத்திரி நல்லா உறக்கம் வருது. காலு காந்தல."

மந்திரமூர்த்திக்குக் கோபம்கூட வரவில்லை. அவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தால் அவரும் உட்கார்ந்திருப்பார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பின்கம்பிக்குத் தினம் ஒரு ஆள் வந்தான். திங்கள்கிழமை காவலாளி. செவ்வாய்க்கிழமை டீ கொண்டுவருகிறவர். வியாழக்கிழமை கணக்கர் பதினொன்றாவது கட்டளையைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கல்லில் இடறினார். சட்டி சாய்ந்தது. இரண்டே இரண்டு சொட்டு. மந்திரமூர்த்தியின் இடது கணுக்காலில் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் இசக்கித்தாய் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, படிவம் எதுவும் இல்லாமல் தண்ணியை ஊற்றினாள். அவள் கணக்கில் ஒரு பச்சைப் பொட்டு பிய்த்து எடுக்கப்பட்டது.

பயிற்றுநர் வந்தார். கையில் அட்டையும் பேனாவும்.

"ரொம்ப காந்துதா வே?"

"கண்ணு தெரியலயா உமக்கு?"

மாடக்கண்ணு குனிந்து காலைப் பார்த்தார். முகம் சுருங்கினது. ஒரு நிமிஷம் பழைய மாடக்கண்ணு மாதிரியே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"விபத்துன்னு எழுதக்கூடாதாம் வே. சான்றிதழைப் புடுங்கிருவாங்களாம். 'கற்றல் நிகழ்வு'ன்னு போட ஆபீசர் சொல்லியிருக்காரு. ஒரு கையெழுத்து மட்டும்..."

மந்திரமூர்த்தி போட்டுக் கொடுத்தார். கால் ஆற இருபது நாள் ஆனது. அந்த மாதக் கற்றலில் பவுண்டரி மாவட்டத்திலேயே முதலிடம்.

பாராட்டு விழா ஜங்ஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வடக்கத்திக் கம்பெனியிலிருந்து நாலு பேர் மாலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நிகழ்ச்சியாக வெங்கட்ரமணன் ஒரு புது விளையாட்டை அறிவித்தார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக அப்படியே சாய வேண்டும். கூட்டாளி பின்னால் நின்று பிடித்துக்கொள்வார். இதன் பெயர் நம்பிக்கை.

முதலாளி சாய்ந்தபோது பிடிக்கப் பதினோரு பேர் ஓடினார்கள். ஃபோர்மேன் தேவசிகாமணி சாய்ந்தார். புது டை. இசக்கித்தாய் "ஆத்தாடி" என்று சிரித்துக்கொண்டே சாய்ந்தாள், நாலு பொம்பளைகள் பிடித்தார்கள். சாய்கிருஷ்ணன், மாடக்கண்ணு என்ற பெயரில் சாய்ந்தான். நாற்பத்திரண்டு பேரும் சாய்ந்தாச்சு. ஒருத்தருக்கும் அடி படவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாருக்கும் குஷியாகவே இருந்தது.

கடைசியாக மந்திரமூர்த்தி. சான்றிதழ் வாங்கித் தந்த ஜோடி என்று அறிவித்ததும் மண்டபத்தில் கைதட்டல் தொடங்கிவிட்டது. போட்டோகிராபர் ஒரு காலை மண்டியிட்டுக் கேமராவைத் தூக்கினார்.

மந்திரமூர்த்தி மேடையில் நின்று, திரும்பிப் பின்னால் பார்த்தார். மாடக்கண்ணு நின்றார். வெள்ளைச் சட்டை. இடது கையில் அட்டை, வலது கையில் பேனா. எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"பிடிப்பீரா வே?" என்று மெதுவாகக் கேட்டார் மந்திரமூர்த்தி.

"பிடிச்சதா எழுதியாச்சு வே. நீரு சாயும்."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. முன்வரிசையில் நாலு பேரும் சிரித்த முகமாக இருந்தார்கள். வெங்கட்ரமணன் மைக்கைப் பிடித்து, அன்பாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"கண்ணை மூடுங்க, மந்திரமூர்த்தி. அப்படியே பின்னால சாயுங்க."

மந்திரமூர்த்தி கண்ணை மூடவில்லை. சாயவும் இல்லை.